ஃபோம் ரோலர் வாங்குமுன்: கெட்டி, அளவு, மேற்பரப்பு, சோதனை – முழுமையான வழிகாட்டி

பழக்கமில்லாத அளவுக்கு வேலை வாங்கினால் தசை அன்றே எதுவும் சொல்லாது. மறுநாள் படி இறங்கும்போதுதான் தொடை பிடிக்கும், உட்கார்ந்து எழ எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும். இந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாகவே இறங்கிவிடும். அந்த நாட்களைக் கொஞ்சம் இலகுவாக்கவும், இறுகிய உடம்பை அடுத்த பயிற்சிக்குத் தயார்படுத்தவும்தான் பெரும்பாலானோர் ஃபோம் ரோலர், அதாவது தரையில் போட்டு அதன் மேல் தசையை உருட்டும் நுரை உருளை, தேடுகிறார்கள். தேடினால் நூறு வகை கண்ணில் படும்: வழவழப்பானது, முள் முள்ளாக இருப்பது, உள்ளே குழாய் உள்ளது, பேட்டரியில் அதிர்வது. எதை எடுப்பது என்று முடிவு செய்ய, அது உடம்பில் என்ன செய்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

உருட்டினால் உண்மையில் என்ன நடக்கிறது

"தசை முடிச்சை உடைக்கும்", "ஒட்டிக்கொண்ட தசையுறையைப் பிரிக்கும்", "லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும்" என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும். லாக்டிக் அமிலக் கதையை முதலில் ஒதுக்கிவிடலாம். பயிற்சியில் ரத்தத்தில் ஏறிய லாக்டேட், ஓய்வெடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தசையுறையைப் பிரிப்பதும் அப்படித்தான். தொடையின் வெளிப்பக்கத் தசையுறையும் பாதத்தின் அடியில் உள்ள உறையும் வெறும் 1 சதவீதம் நசுங்குவதற்கே, உடம்பு சாதாரணமாகச் சந்திக்கும் அளவைத் தாண்டிய விசை வேண்டும் என்று 2008இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. ரோலர் மேல் ஒருவர் படுப்பதால் அந்த விசை வராது.

அப்படியானால் உருட்டிய பிறகு கால் லேசாவது பொய்யா? பொய்யில்லை. மாற்றம் பெரும்பாலும் நரம்பு மண்டலத்தில் நடக்கிறது. மிதமான அழுத்தம் தொடர்ந்து கிடைக்கும்போது வலி உணர்வும் இறுக்கமும் சற்றுத் தணிகின்றன. ஒரு கெண்டைக்காலை உருட்டினால், தொடாத மறுகாலிலும் வலி தாங்கும் அளவு கூடியதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். தசையை நசுக்கிச் சரிசெய்வதாக இருந்தால் இது நடக்க வழியில்லை.

பலனின் அளவையும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. 21 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த ஒரு பகுப்பாய்வில், பயிற்சிக்குப் பின் உருட்டியவர்களுக்குத் தசைவலி உணர்வு சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. பயிற்சிக்கு முன் உருட்டியவர்களுக்கு நெகிழ்வு 4 சதவீதம் கூடியது. சிறிய பலன்தான். தூக்கம், சாப்பாடு, ஓய்வு மூன்றும் செய்யும் வேலையை ரோலர் செய்யாது. ஆனால் கையடக்கமான ஒரு பொருள், பத்து நிமிடம், பக்கவிளைவு குறைவு என்று பார்த்தால் மோசமில்லை.

இதிலிருந்து தேர்வுக்கான விதி ஒன்று கிடைக்கிறது. எந்த ரோலர் மேல் படுத்துக்கொண்டு உங்களால் இயல்பாக மூச்சு விட முடிகிறதோ, தசையைத் தளர்த்திவிட முடிகிறதோ, அதுதான் உங்களுக்கானது. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும் ரோலர், தளர வேண்டிய தசையை மேலும் இறுக்கத்தான் வைக்கும்.

படி 1: வாங்கலாமா என்று முதலில் பாருங்கள்

எலும்பு முறிவு, ஆறாத காயம், புதிதாகக் கிழிந்த தசை, வீங்கிச் சூடாக இருக்கும் இடம் ஆகியவற்றின் மேல் ரோலர் போகவே கூடாது. தொடையில் பலமாக அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தாலும் அப்படியே. அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தால் தசைக்குள் எலும்பு போன்ற திசு வளரும் சிக்கல் வரக்கூடும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்பு மெலிந்திருப்பவர்கள், சர்க்கரை நோயால் கால் மரத்திருப்பவர்கள், காலில் ரத்த நாளம் புடைத்துச் சுருண்டிருப்பவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இரண்டு அறிகுறிகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். உருட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். கடும் பயிற்சிக்குப் பின் தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலும் நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

படி 2: எந்தத் தசைக்கு என்று முடிவு செய்யுங்கள்

உங்களுக்கு அடிக்கடி இறுகும் இடங்கள் இரண்டு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடுபவர்களுக்குக் கெண்டைக்கால், தொடையின் முன்பக்கம், பிட்டம். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு மேல்முதுகும் பிட்டமும். எடை தூக்குபவர்களுக்குத் தொடையோடு அக்குளுக்குக் கீழே முதுகின் பக்கவாட்டுத் தசையும் சேரும். பெரிய தசைகள் என்றால் உருளை வடிவம் பொருந்தும். கழுத்தடி, பாதம், முன்கை போன்ற சிறிய இடங்கள்தான் உங்கள் தொல்லை என்றால் நேராகப் படி 7க்குப் போய்விடுங்கள். உங்களுக்கு ரோலரே தேவைப்படாமல் போகலாம்.

படி 3: கெட்டி – எல்லாவற்றையும் விட முக்கியமானது

ஜிம்மில் கேட்டால் "கடினமானதா எடு, அப்பதான் உள்ள வரைக்கும் இறங்கும்" என்பார்கள். இந்த அறிவுரையால்தான் பல ரோலர்கள் இரண்டாம் வாரமே கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்கின்றன.

உடம்பில் படும் அழுத்தம் இரண்டைப் பொறுத்தது: நீங்கள் எவ்வளவு எடையை ரோலர் மேல் வைக்கிறீர்கள், அது எவ்வளவு பரப்பில் பரவுகிறது. மென்மையான ரோலர் குழிந்து கொடுப்பதால் தொடும் பரப்பு அதிகம், அழுத்தம் பரவிவிடும். கடினமானது குழியாது, அதே எடை சிறிய இடத்தில் குவியும். 2008இல் இரண்டு வகை ரோலர்களை அளந்து பார்த்தபோது, கெட்டியான குழாயின் மேல் மேடுபள்ளமாக உறை போட்டது, முழுவதும் ஃபோமால் ஆனதை விடச் சிறிய பரப்பில் அதிக அழுத்தம் கொடுத்தது. இதன் பொருள், ஒரே ரோலர் 55 கிலோ எடையுள்ளவருக்கு மிதமாகவும் 95 கிலோ எடையுள்ளவருக்குக் கொடுமையாகவும் இருக்கலாம். நண்பர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன ரோலர் உங்களுக்கும் நன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பயிற்சிக்குப் புதியவர், வலி உணர்வு அதிகம் உள்ளவர், வயதானவர் என்றால் மென்மையில் தொடங்கலாம். வாரத்தில் சில நாள் பயிற்சி செய்யும் பெரும்பாலானோருக்கு நடுத்தரம் போதும். கடினமானது, நடுத்தரத்தில் முழு எடையைப் போட்டுப் படுத்தும் ஒன்றுமே தெரியவில்லை என்பவர்களுக்கு மட்டும். சந்தேகம் இருந்தால் நடுத்தரத்தையே எடுங்கள். அதில் அழுத்தம் பற்றவில்லை என்றால் ஒரு காலின் மேல் மறுகாலைப் போட்டு இரட்டிப்பாக்கலாம். அதிகமாக இருந்தால் கைகளையும் மறுகாலையும் தரையில் ஊன்றிக் குறைக்கலாம். கடினமான ரோலரையும் ஒரு தடித்த துண்டைச் சுற்றி ஓரளவு சமாளிக்கலாம்தான். ஆனால் தினமும் யார் துண்டு சுற்றிக்கொண்டிருப்பது?

வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டால் 5, 6க்கு மேல் போகக் கூடாது. "நல்ல வலி" என்று சொல்லக்கூடிய அளவு அது. முகம் சுளித்து, மூச்சு நின்று, தோள் காதுவரை ஏறினால் அந்தக் கெட்டி உங்களுக்கு ஆகாது.

நிறத்தை நம்ப வேண்டாம். வெள்ளை மென்மை, நீலமோ பச்சையோ நடுத்தரம், கருப்பு கடினம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எல்லா நிறுவனங்களும் அதைப் பின்பற்றுவதில்லை. அதேபோல "அதிக அடர்த்தி" என்று எழுதியிருப்பதும் கெட்டியும் ஒன்றல்ல. கீழே படி 5இல் வரும் இ.பி.பி. (பாலிப்ரொப்பிலீன் நுரை) ரோலர் கையில் தூக்கினால் காற்றுப் போல இருக்கும், படுத்தால் மரக்கட்டை. "150 கிலோ வரை தாங்கும்" என்ற குறிப்பும் உடையுமா உடையாதா என்பதைத்தான் சொல்கிறது. உங்கள் தொடைக்கு எப்படி இருக்கும் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

படி 4: விட்டமும் நீளமும்

பரவலாகக் கிடைக்கும் விட்டம் ஏறக்குறைய 15 செ.மீ. பெரும்பாலான தசைகளுக்கு அது சரி. 10 முதல் 13 செ.மீ. விட்டமுள்ளவை தரையோடு நெருக்கமாக இருப்பதால் குள்ளமானவர்களுக்கும் மணிக்கட்டு பலவீனமானவர்களுக்கும் சுலபம், உடம்பை அவ்வளவு உயரம் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் வளைவு கூர்மையாக இருப்பதால் அழுத்தம் குறுகலாக விழும். கெண்டைக்காலை உருட்டும்போது குதிகால் தரையில் உரசும் தொல்லையும் உண்டு.

நீளத்தில் நான்கு அளவுகள் வழக்கம்: 30, 45, 60, 90 செ.மீ. 30 செ.மீ. பைக்குள் அடங்கும், ஒவ்வொரு காலாக உருட்டப் போதும். மேல்முதுகுக்குக் குறுக்கே போட்டால் சற்றே சரிந்தாலும் தோள்பட்டை விளிம்புக்கு வெளியே போய்விடும். 45 செ.மீ. காலுக்கும் முதுகுக்கும் நன்றாகப் பொருந்துகிறது: இரண்டு கெண்டைக்காலையும் சேர்த்து வைக்கலாம், முதுகும் விளிம்பு தாண்டாது. ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு என் கை இதைத்தான் காட்டும். 90 செ.மீ. தேவைப்படுவது, தலை முதல் இடுப்பு வரை முதுகெலும்பு நெடுக அதன் மேல் படுத்து, கைகளை விரித்து மார்பைத் திறக்க விரும்புபவர்களுக்கு. அந்தப் பயிற்சியை நீங்கள் செய்யப் போவதில்லை என்றால் அது இடத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

படி 5: எதனால் செய்தது

வெள்ளையாக, மேற்பரப்பில் நுண்குமிழ்கள் தெரியும் லேசான ரோலர் பாலிஎத்திலீன் நுரை, சுருக்கமாக இ.பி.இ. தொடக்கத்துக்கு இதமானது. குறை என்னவென்றால், ஒரே இடத்தில் எடை விழ விழ நுரை நசுங்கி மீளாமல் போகும். உருளை மெல்ல முட்டை வடிவமாகும், தரையில் விட்டால் தடதடவென்று குதித்து ஓடும்.

சின்னச் சின்ன மணிகளை ஒட்டிவைத்தது போலத் தெரியும் கருப்பு ரோலர் பாலிப்ரொப்பிலீன் நுரை, இ.பி.பி. கெட்டியானது, வடிவம் மாறாது, எடை மிகக் குறைவு. மட்டமான தயாரிப்பில் விளிம்பிலிருந்து மணிகள் உதிரும்.

வழவழப்பாக, ரப்பர் செருப்பின் அடிப்பாகம் போல இருப்பது இ.வி.ஏ. மென்மையிலிருந்து கெட்டி வரை பல தரங்களில் வருகிறது, நன்றாக மீள்கிறது. இதையே பிளாஸ்டிக் குழாயின் மேல் ஒன்றிரண்டு செ.மீ. தடிமனுக்குச் சுற்றினால் கிடைப்பது உள்குழாய் ரோலர். நடுவே சரியாது என்பதால் நீண்ட நாள் உழைக்கும். உள்ளே உள்ள வெற்றிடத்தில் துண்டையும் எலாஸ்டிக் பேண்டையும் திணித்துக்கொண்டு பயணம் போகலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உறை மெலிதாக இருந்தால் படுக்கும்போது குழாய் எலும்பில் இடிக்கும். விளிம்பில் பார்த்தால் உறையின் தடிமன் தெரிந்துவிடும்.

நான்குமே வியர்வையை அதிகம் உறிஞ்சாதவை. லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். வெயிலிலும் பூட்டிய காருக்குள்ளும் விட்டுவைக்காதீர்கள், சூட்டில் இ.வி.ஏ. இளகும்.

படி 6: மேடுபள்ளமும் அதிர்வும்

முதல் ரோலர் வழவழப்பாக இருக்கட்டும். மேடுபள்ளம் வேண்டுமென்றால் அகலமான, தட்டையான கட்டங்கள் உள்ளதை எடுக்கலாம். விரல் நுனி போலத் துருத்தி நிற்கும் முட்கள், மேலே சொன்ன அழுத்தக் கணக்கை இன்னும் மோசமாக்குபவை. பார்க்கத்தான் தீவிரமாக இருக்கும்.

அதிரும் ரோலர் சிலருக்கு இதமாக இருக்கிறது, குறிப்பாக அழுத்தம் தாங்க முடியாதவர்களுக்கு. ஆனால் எடை அதிகம், சத்தம் உண்டு, பேட்டரி தேய்ந்தால் பாதி உயிர் போயிற்று. சாதாரண ரோலரைச் சில மாதங்களாவது விடாமல் பயன்படுத்திய பிறகு இதை யோசிக்கலாம். விமானத்தில் கொண்டுபோவதானால் லித்தியம் பேட்டரி உள்ள பொருள் என்பதால் கைப்பையில் வைப்பதே பாதுகாப்பு.

படி 7: ரோலர் எட்டாத இடங்கள்

பாதத்துக்கும் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்புக்கும் பந்துதான் சரி. டென்னிஸ் பந்து மென்மை, லக்ராஸ் என்ற விளையாட்டின் ரப்பர் பந்து கடினம், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. முதுகுக்குப் பந்தைச் சுவரில் வைத்து நின்றபடியே சாயலாம், அழுத்தம் முழுக்க உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். இரண்டு பந்துகள் ஒட்டிய வேர்க்கடலை வடிவம் முதுகெலும்பை நடுப்பள்ளத்தில் விட்டு இருபுறத் தசையை மட்டும் தொடும். தரையில் படுத்து எழ முடியாதவர்களுக்கு, இரண்டு கைகளாலும் பிடித்து உருட்டும் கோல் வடிவ மசாஜர் நல்ல மாற்று. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொடையையும் கெண்டைக்காலையும் பார்த்துக்கொள்ளலாம்.

படி 8: கையில் எடுத்துச் சோதியுங்கள்

கட்டைவிரலால் ஓங்கி அழுத்துங்கள். விரல் நுனி முழுக்கப் புதைந்தால் மென்மை. சில மி.மீ. குழிந்து, விரலை எடுத்ததும் உடனே மீண்டால் நடுத்தரம். நகம் வெளுக்கும் வரை அழுத்தியும் அடையாளமே விழவில்லை என்றால் கடினம். குழி மெதுவாக நிரம்பினாலோ நிரம்பவே இல்லை என்றாலோ வைத்துவிடுங்கள்.

அடுத்து, உள்குழாய் உள்ளதானால் ஒரு கையால் குழாயின் விளிம்பையும் மறுகையால் உறையையும் பிடித்து எதிரெதிர்த் திசையில் முறுக்குங்கள். உறை நழுவினால் பசை சரியில்லை, உருட்டும்போது தோலோடு சேர்ந்து சுழலும். குழாயின் முனை உறையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், தரையைக் கீறும். உள்ளங்கையை நீளவாக்கில் ஓடவிட்டால் அச்சு ஒட்டிய கோடு தட்டுப்படும். கையில் உறுத்துவது தொடையில் கூடுதலாகவே உறுத்தும்.

முடிந்தால் தரையில் போட்டு, ஒரு பக்கப் பிட்டத்தை அதன் மேல் வைத்து உட்கார்ந்து, நிதானமாக ஐந்து மூச்சு விடுங்கள். கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். மூன்றாவது மூச்சிலேயே தசை இளக ஆரம்பித்தால் கெட்டி சரி.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு இந்த வசதி இல்லை. எனவே விவரக்குறிப்பில் பொருள், விட்டம், உறையின் தடிமன் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். விமர்சனங்களில் நட்சத்திரத்தை விட, எழுதியவர் தன் உடல் எடையையோ பயிற்சியையோ குறிப்பிட்டிருக்கிறாரா என்பது உதவும். பயன்படுத்திய பிறகும் திருப்பித் தரலாமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதிதில் சற்று வாடை வருவது சகஜம். சில நாள் காற்றாட வைத்தும் மூக்கைத் துளைத்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

படி 9: முதல் வாரத்தில் சரிபாருங்கள்

நெகிழ்வுக்காக உருட்டுவது குறித்து 2020இல் வந்த ஒரு மதிப்பாய்வு தரும் அளவு எளிமையானது: தசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 2 முதல் 4 விநாடி, ஒரு சுற்றுக்கு மொத்தம் 30 முதல் 120 விநாடி, 1 முதல் 3 சுற்று. ஆரம்பத்தில் இதில் குறைந்த அளவே தாராளம். வலிக்கும் புள்ளி கிடைத்தால் அங்கேயே சில மூச்சு நின்று, தளர்ந்ததும் நகருங்கள்.

முழங்காலின் பின்மடிப்பு, தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பு, வயிறு, கழுத்தின் முன்புறம் இவற்றில் உருட்ட வேண்டாம். ரத்த நாளங்களும் நரம்புகளும் அங்கே மேலாக ஓடுகின்றன. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பையும் தவிர்க்க வேண்டும். பாதத்தைத் தூக்க உதவும் நரம்பு அதைச் சுற்றித்தான் போகிறது. கீழ்முதுகில் விலா எலும்புகளின் தாங்கல் இல்லாததால் ரோலர் மேல் படுத்தால் முதுகு அளவுக்கு மீறி வளையும். அங்கே இறுக்கம் என்றால் பிட்டத்தை உருட்டிப் பாருங்கள், பலருக்கு அதிலேயே சரியாகும். தொடையின் வெளிப்புறம் நெடுக ஓடும் ஐ.டி. பேண்டைக் கண்ணில் நீர் வர உருட்டுவதும் வீண் வேலை. மிக உறுதியான அந்தப் பட்டை ரோலருக்கு அசையாது. அதோடு இணைந்த பிட்டத்தையும் இடுப்பின் முன்பக்கத் தசையையும் கவனியுங்கள்.

மறுநாள் தோலில் நீலம் பூத்திருந்தால் ரோலர் அளவுக்கு மீறிக் கடினம், அல்லது நேரம் அதிகம். நேரத்தைப் பாதியாக்கியும் அப்படியே என்றால் மென்மையானதற்கு மாற்றுங்கள். மரத்துப்போதல், மின்சாரம் ஓடுவது போன்ற உணர்வு வந்தால் ஏதோ நரம்பின் மேல் இருக்கிறீர்கள், உடனே நகர்ந்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்தும் ஒரே இடம் அதே அளவு வலித்தால் வேறு ரோலர் தேடாமல் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

படி 10: எப்போது மாற்றுவது

கணக்கு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ரோலரைச் சமதரையில் லேசாகத் தள்ளிவிடுங்கள். நேராக ஓடாமல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், அல்லது நடுவில் குழிந்து இரு முனைகள் மட்டும் தரையைத் தொட்டால், அதன் காலம் முடிந்தது. உறையில் வெடிப்பு விழுந்து தோலைக் கிள்ள ஆரம்பித்தாலும் அப்படியே. பழையதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. நசுங்கிய இ.பி.இ. ரோலரை, படுத்து ஓய்வெடுக்கும்போது முழங்காலுக்கு அடியில் முட்டுக்கொடுக்க வைத்துக்கொள்ளலாம்.